கடைசித் துண்டு

வில்பட்டிக்கு மேலே, மலைச் சரிவில், ஆறு பேர் மட்டுமே தங்கியிருந்த சிறிய மடம் ஒன்று இருந்தது. பூரணத்தம்மாள் அதை நடத்தினார். அவரிடம் சீடராக வந்த வீரணன் அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக ஓடியவர். அவர் பூரணத்தம்மாளை 'அம்மா' என்பார். பூரணத்தம்மாள் அவரை 'அண்ணே' என்பார்.

மடத்துக்கு வருகிறவர்கள் போர்வையும் தட்டும் கொண்டுவருவார்கள். வீரணன் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு செடியைக் கொண்டுவந்தார். மனைவி வெள்ளைத்தாய் இறந்து, நாயுடுபுரம் வீட்டை மகன் விற்றபோது, அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

கோடையில் பூக்கும் மஞ்சள் பூச்செடி அது. பார்ப்பதற்குச் சின்னச் சூரியகாந்தி மாதிரி இருக்கும். ஆனால் சூரியகாந்தி ஒரு தடவை பூத்து முடிந்துவிடும். இது பனிக்காலத்தில் தரையோடு கருகிப்போய், மாசியில் வேரிலிருந்து மறுபடி முளைத்து வரும். நர்சரிக்காரர்கள் பொய்ச் சூரியகாந்தி என்பார்கள். வெள்ளைத்தாய்க்கு அது வெறும் மஞ்சப்பூ.

வீரணன் அதைச் சமையலறைச் சுவரோரம் நட்டார். சுற்றிலும் முள்வேலி கட்டினார். ஆட்டு எரு போட்டார். உறைபனி விழும் மாதங்களில் சாக்கு போர்த்தினார். பூசைக்குக்கூட அதில் பூப்பறிக்க யாரையும் விடவில்லை. பால் ஊற்றும் அன்னக்கொடி, தன் வீட்டு வாசலில் வைக்க ஒரு துண்டு வேர் வேண்டுமென்று இரண்டு தடவை கேட்டாள். இது கொடுக்கிற செடி இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

முதல் கோடையில் செடி நன்றாகப் பூத்தது. இரண்டாம் கோடையில் குறைந்தது. நான்காம் கோடையில் நடுவில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஓரத்தில் மட்டும் ஆறேழு மெலிந்த தண்டுகள் வட்டமாக நின்றன.

"அண்ணன் தலை மாதிரியே ஆயிருச்சு" என்றாள் சமையல் பார்க்கும் மூக்கம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வீரணன் சிரிக்கவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் பூரணத்தம்மாளிடம் போய் நின்றார்.

"அம்மா, அவ வச்சதுல எங்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போயிருச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்ல. இதை முன்ன இருந்த மாதிரி வச்சிக்க என்ன செய்யணும்?"

முன்பு எப்படி இருந்தது என்று பூரணத்தம்மாள் கேட்டார்.

வீரணன் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிற அளவுதான் இடம். வெள்ளைத்தாய் செடிக்குப் பின்னால் நின்றால் தலையில் கட்டிய துண்டு மட்டும்தான் வெளியே தெரியும், அவ்வளவு உயரம். சாயங்கால வண்டி கடைசி வளைவில் திரும்பும்போதே ஜன்னல் வழியாக மஞ்சள் தெரியும். அதைப் பார்த்ததும் சில்லறைப் பையைக் கழற்றிவிடுவார். டிரைவர் கேலி செய்வார், இன்னும் ஸ்டாப் வரலையே என்று. இருபத்திரண்டு கோடையில் ஒன்றுகூடத் தவறவில்லை.

"அவங்க அதுக்கு என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. அரிசி கழுவுன தண்ணி ஊத்துவா. எருகூடப் போட்டதில்ல."

"வேற?"

வீரணன் கொஞ்சம் கோபத்துடனேயே சொன்னார். மாசி மாதம் முளை காட்டியதும் கடப்பாரையை எடுத்து மொத்தச் செடியையும் பெயர்த்துவிடுவாள். துண்டு துண்டாகப் பிரிப்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுப்பாள். கையளவு ஒரு துண்டு மிஞ்சினால் அதைத் திரும்ப நடுவாள். வருஷா வருஷம் இதில் சண்டை வரும்.

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நல்லதெல்லாம் ஊருக்கு, கடைசித் துண்டு நமக்கான்னு கேப்பேன்."

"அவங்க?"

"பதிலே சொல்ல மாட்டா. கையில இருக்கற மண்ணைச் சீலையில தொடச்சிக்கிட்டு உள்ள போயிருவா."

பூரணத்தம்மாள் மூலையிலிருந்த பூக்கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூ இல்ல அண்ணே. நாயுடுபுரத்துல வீடு வீடாக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

தன் கேள்வியை அவர் காதில் வாங்கவில்லை என்று வீரணன் நினைத்துக்கொண்டார். ஆனாலும் போனார். நான்கு வருஷமாக அவர் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை.

முதல் வீட்டு வேலிக்கு மேலே மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. இரண்டாவது வீட்டிலும் இருந்தது. தையல்கடை வாசலில் பெயின்ட் டப்பாவில் இருந்தது. குழாயடிக்குப் பின்னால், யாரும் நடாத இடத்தில்கூட இருந்தது. வீரணன் அங்கங்கே நின்றார். யார் கொடுத்த செடி என்று கேட்டார். எங்கள் மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது என்றாள் ஒருத்தி. யாரோ கண்டக்டர் வீட்டம்மா முன்பிருந்த கடைக்காரருக்குக் கொடுத்ததாம் என்றார், புதிதாகக் கடை எடுத்த தையல்காரர். பெயர் அவருக்கு ஞாபகமில்லை. எதிரில் நிற்பவர் யாரென்றும் அவருக்குத் தெரியவில்லை.

இவர்களையெல்லாம் வெள்ளைத்தாய் முன்பு பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்தக் குரல் தெருவில் எங்கேயோ கேட்கிற மாதிரி இருந்தது வீரணனுக்கு.

தெருக்கோடியில் செவத்தியம்மாள் வீடு. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், வெள்ளைத்தாயின் கடைசி வருஷத்தில்தான் அந்தத் தெருவுக்குக் குடிவந்தவள். வெள்ளைத்தாய் கடைசியாகப் படுத்திருந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான். காரியம் முடிந்த மறுமாதம், ஒரு துண்டு வேர் கேட்டு வந்தாள். வீரணன் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தார்.

"கண்டக்டரே" என்று கூப்பிட்டாள் அவள். "இப்ப ஸ்டாப்புல நிக்காமப் போறீங்களே."

வீரணன் நின்றார். அவள் வாசலில்தான் தெருவிலேயே அதிகமான பூ. தோள் உயரத்துக்கு நின்றது.

"உனக்கு நான் குடுக்கலியே."

"நீங்க குடுக்கலைன்னா? தையக்காரர் குடுத்தாரு."

அவள் கூடை நிறையப் பூப்பறித்துப் போட்டாள். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வீரணன் மறைக்காமல் சொன்னார். எரு போட்டதையும் வேலி கட்டியதையும் நடுவில் பட்டுப்போனதையும் சொன்னார். இத்தனை வருஷமாகக் கடப்பாரையே படவில்லையா என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் வீட்டுக்குப் பின்னால் போய் மண்வெட்டியோடு வந்தாள்.

"பூக்கற நேரத்துல தோண்டக் கூடாது. ஆனா கோடமழ வந்திருச்சு, பொழச்சுக்கும்."

இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு வேரைப் பெயர்த்தாள். தண்டுகளைச் சாண் உயரத்துக்கு நறுக்கினாள். நனைத்த கோணித்துணியில் சுற்றி, பூவுக்கு மேலே வைத்தாள். வீரணன் கேட்கவே இல்லை.

மடத்துக்குத் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பூக்கூடையைப் பூசை அறையில் வைத்துவிட்டு, நேராகச் சமையலறைச் சுவரோரம் போனார். முள்வேலியைப் பிரித்தார். முட்களை மூக்கம்மாளின் அடுப்புப் பக்கம் போட்டார். கடப்பாரையால் செடியைச் சுற்றி நெம்பினார். நடுப்பகுதி காய்ந்த விறகு மாதிரி கழன்று வந்தது. ஓரத்து வேர்களில் மட்டும் உயிர் இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, செவத்தியம்மாள் கொடுத்த வேரையும் கையால் பிளந்து, பக்கத்தில் வைத்தார். ஓரத்துத் தண்டுகளையும் அதே சாண் உயரத்துக்கு நறுக்கியதும், எது வேலிக்குள் இருந்தது, எது தெருவிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பூரணத்தம்மாள் வந்து நின்றார்.

"இதுல எதும்மா அவ செடி?"

பூரணத்தம்மாள் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

வீரணன் கனமான துண்டைக் கோணித்துணியில் சுற்றி, காலையில் பால் வரும்போது அன்னக்கொடிக்கு என்று தனியே வைத்தார். அடுத்ததை வில்பட்டி வாத்தியார் வீட்டுக்கு என்றார். இன்னொன்றைப் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு என்றார். மூக்கம்மாள் வந்து, தன் தங்கச்சிக்கு ஒன்று வேண்டுமென்று கேட்டாள். அவளுக்கும் கொடுத்தார்.

கடைசியில் கையளவு ஒன்று மிஞ்சியது. அதைக் குழியில் வைத்து மண் தள்ளினார். மூக்கம்மாள் உலைக்கு அரிசி கழுவி வைத்திருந்த தண்ணீரை வாங்கி ஊற்றினார்.

பூரணத்தம்மாள் கேட்டார்.

"என்ன அண்ணே, நல்லதெல்லாம் ஊருக்கு, கடைசித் துண்டு நமக்கா?"

வீரணன் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.