தெருவுக்குத் தெரியாத புகை

ஓய்வுநாளைப் பற்றி நீட்டி முழக்குவதில் ஆசீர்வாதபுரத்துச் சபை மூப்பர் வேதமாணிக்கத்தை மிஞ்ச ஆளில்லை. "ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அடுப்பே எரியாது" என்று ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார். சொன்ன வாயோடு வீட்டுக்கு வந்து சுடச்சுட ஆட்டுக்கறி தின்பார். அதைச் சமைப்பதற்காகவே சமையற்காரி எப்சிபாய் கோயிலுக்குப் போக முடியாமல் கிடந்தாள்.

ஒரு ஞாயிறு, போதகரை விருந்துக்கு அழைத்த மூப்பர் எப்சிபாயைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"கறி மகள் வீட்டிலிருந்து வந்ததென்று சொல்லிக்கொள்கிறேன். புகை மட்டும் ஓர் இழைகூடத் தெருவுக்குப் போகக் கூடாது. போனால் உனக்கு இங்கே வேலையில்லை."

"ஆகட்டும், முதலாளி" என்றாள் எப்சிபாய்.

தெருப்பக்கத்து ஜன்னலை அடைத்தாள். புகைபோக்கியில் சாக்கைத் திணித்தாள். கூடத்துக் கதவை மட்டும் திறந்துவைத்து, ஈர விறகாகப் பார்த்து மூட்டினாள்.

கூடத்தில் மூப்பர் ஓய்வுநாளின் மேன்மையை விளக்கிக்கொண்டிருந்தபோது புகை வந்து இருவரையும் சூழ்ந்தது. போதகர் இருமிக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஓடிவந்த மூப்பர், "என்ன காரியம் செய்தாய், மூதேவி?" என்று சீறினார்.

"நீங்கள் சொன்ன காரியந்தான், முதலாளி. தெருவுக்கு ஓர் இழைகூடப் போகவில்லை."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னைக் கோயிலில் பார்த்து வெகுகாலமாயிற்றே, அம்மா?"

"முதலாளி ஓய்வுநாளைப் பற்றிச் சாட்சி சொல்லத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஓய்வில்லை, ஐயா."

போதகர் திரும்பினார். "மூப்பரே, இனி ஞாயிறுதோறும் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன். சனிக்கிழமை வடித்த சோறு போதும்."

அடுத்த ஞாயிறு எப்சிபாய் கோயிலில் உட்கார்ந்து பாடினாள். மூப்பர் சாட்சி சொல்ல எழவில்லை. வீட்டில் அவருக்குப் பழைய சோறு காத்திருந்தது.