வரப்புக்குக் கீழே வரப்பு

"கண்ணை மூடுனா சாமி வரமாட்டேங்குதுங்க. எந்தம்பி போட்ட வரப்புதான் வருதுங்க" என்றார் நல்லசிவம்.

அவருக்கு வயது அறுபத்துமூன்று. குருவுக்கு முப்பத்தெட்டு. ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றின் அடியில் தனியே குடிசை போட்டிருந்த அந்தத் துறவியை ஊரார் சாமியம்மா என்பார்கள்.

நல்லசிவம் ஞானம் கேட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சு இன்னும் வரப்பைத் தாண்டவில்லை. தம்பி கருப்பணன் ஒன்றரை முழம் தள்ளி வரப்புப் போட்டுவிட்டான் என்பது வழக்கு. அதில் அண்ணன் தம்பி பேச்சு நின்று பதினோரு வருஷம்.

"எதுங்க நியாயமான வரப்பு?" என்று கேட்டார் சாமியம்மா.

"எது பழசோ அதுதானுங்க."

"அப்பத் தோண்டிப் பாருங்க."

தோண்டினார். முழங்கால் ஆழத்தில் கல் அடுக்கிய பழைய வரப்பு ஒன்று கிடைத்தது. தம்பி பக்கம் சரியாக ஒன்றரை முழம் தள்ளி. வயதை மறந்து ஓடிப்போய்க் குருவை அழைத்துவந்தார்.

சாமியம்மா குழியை எட்டிப் பார்த்தார்.

"இதைவிடப் பழசு கீழ இருந்தா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மறுபடி தோண்டினார். இடுப்பளவில் இன்னொரு கல்வரப்பு வந்தது. இது அவர் உழுகிற காட்டுக்குள்ளேயே நாலு முழம் வந்திருந்தது.

நல்லசிவம் சத்தமில்லாமல் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற கருப்பணன் சிரித்துவிட்டான். யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

சாமியம்மா கடப்பாரையை எடுத்து நல்லசிவத்தின் கையில் கொடுத்தார்.

ரோஷத்தில் தோண்டினார். அண்ணன் எதையாவது மறைத்துவிடுவான் என்று தம்பியும் தன் பக்கமிருந்து தோண்டினான். ஒரே குழியை இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே மூன்று நாள் தோண்டினார்கள்.

மூன்றாம் நாள் அடியில் வரப்பே இல்லை. ஒரு வீட்டின் அஸ்திவாரம் இருந்தது. ஒரே அறை, இரண்டு காட்டிலும் பாதிப் பாதியாக. கரி படிந்த அடுப்புக் கல் அண்ணன் பக்கம். கால் பட்டுத் தேய்ந்த வாசற்படி தம்பி பக்கம்.

நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருஷம் கட்டிக்காத்த வழக்கு.

"இதுல எதுங்க வரப்பு, சாமி?"

சாமியம்மா குழிக்குள் இறங்கி அடுப்போரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்திருந்த தூக்குப்போசியைத் திறந்தார். மூன்று பேருக்குக் காணும் கம்மஞ்சோறு இருந்தது.

"பசிக்குதுங்க" என்றார்.

நல்லசிவமும் இறங்கி உட்கார்ந்தார். வேறு என்ன செய்ய?

கருப்பணன் வாசற்படிக்கு வெளியே நின்றான். சுவர் என்று இருந்தது இரண்டு கல் உயரம்தான். எந்தப் பக்கமும் தாண்டி வரலாம். அவன் தாண்டவில்லை.

"உள்ள வரட்டுங்களாண்ணா?" என்றான்.

நல்லசிவம் யோசிக்கவே இல்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வா."