வாசலில் நின்று எண்ணியவர்

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மூவர். இணையப் பக்கம் எழுதக் கற்றுத்தரும் மெஹருன்னிசா, வயது முப்பத்து நான்கு. அவரிடம் பாடம் கேட்கும் சூசைமாணிக்கம், வயது ஐம்பத்திரண்டு. புயல் நிவாரண முகாமின் மேற்பார்வையாளர் பொன்னரசு. அவர் தன் வயதைச் சொல்லவில்லை.

சூசைமாணிக்கம் பதினோரு நாட்களாக ஒரே பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகாமில் தங்கியிருப்பவர்களின் பெயர்ப் பக்கம் அது. அதில் அவரே உருவாக்கிய எலிமென்ட்கள், அதாவது பக்கத்தைக் கட்டும் துண்டுகள், இரண்டு வகை. வெளியே ‘குடும்பம்’. அதற்குள்ளே, தலைக்கு ஒன்றாக ‘ஆள்’. குடும்பம் தனக்குள் இருக்கும் ஆட்களை எண்ணிச் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கைப்படிதான் சாப்பாடும் பாலும் போகும்.

அவருடைய கணினியில் கணக்கு சரியாக வந்தது. முகாமிலிருந்த பழைய போன்களில் எல்லாக் குடும்பத்துக்கும் பூஜ்யம் வந்தது.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியாகலேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவோம்ணே. நானும் மேல பதில் சொல்லணும்ல” என்றார் பொன்னரசு.

சூசைமாணிக்கம் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

“டீச்சர், பக்கம் மேலேருந்து கீழ வருது. குடும்பம் முதல்ல முழிச்சுக்குது. முழிச்ச உடனே எண்ணிடுது. ஆட்கள் அப்புறம்தான் வந்து சேர்றாங்க. அதனால அரை வினாடி பொறுத்து எண்ணச் சொன்னேன். பத்தலை. ஒரு வினாடி வச்சேன். அப்புறம் மூணு. அதைவிட மெதுவா ஒரு போன் வந்துடுது. எவ்வளவு நேரம் காத்திருந்தா போதும் டீச்சர்?”

மெஹருன்னிசா மேசைமேல் இருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

“பக்கத்தைச் சோதிச்சுப் பார்க்க முகாம்காரங்க வர்றாங்க. அடுத்த அறையைத் திறந்து, எத்தனை பேர்னு எண்ணி, டீ சொல்லிட்டு வாங்க சூசைண்ணே.”

அவர் போய்த் திறந்தார். நாற்காலிகள்தான் இருந்தன. திரும்பி வந்தார்.

“யாருமில்ல டீச்சர்.”

“அப்ப டீ வேண்டாம்.”

“நல்லா இருக்கே! கதவையே இப்பத்தானே திறந்தேன். வேன் வந்துக்கிட்டிருக்கு.”

“சரி, கொஞ்சம் நின்னு எண்ணுங்க.”

“எவ்வளவு நேரம்?”

மெஹருன்னிசா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூசைமாணிக்கம் வாசலில் பத்து நிமிடம் நின்றார். நாலு பேர் வந்தார்கள். நாலு டீ சொன்னார். டீ வந்து சேர்ந்தபோது இன்னும் இரண்டு பேர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்கள்.

“அவங்களுக்கு வாசனையை மட்டும் காட்டி அனுப்பிடுங்கண்ணே” என்று பொன்னரசு சிரித்தார்.

சூசைமாணிக்கத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. டீக்கடைக்கு மறுபடி போன் செய்தார். கால் கடுத்தது. வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஏழாவதாக ஒரு பெண் படியேறி வந்தார்.

“அண்ணே, நானும் வந்துட்டேன். எனக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு.”

அவர் அந்தப் பெண்ணையே பார்த்தார். “என்ன சொன்னே தாயி?”

“சர்க்கரை வேண்டாம்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“நானும் வந்துட்டேன்னு சொன்னேன். ஏண்ணே, வரக்கூடாதா?”

சூசைமாணிக்கம் எழுந்து தன் மேசைக்குப் போனார். பொறுத்து எண்ணச் சொன்ன வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். குடும்பம் இனி எண்ணாது. ஒவ்வோர் ஆளும் வந்து குரல் கொடுக்கும். குரல் கேட்கும்தோறும் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும்.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு, இருப்பதிலேயே மெதுவான போனில் பக்கத்தைத் திறந்தார்கள். காகிதப் பட்டியலில் பதினாலு குடும்பம், அறுபத்திரண்டு பேர். திரையில் எண்கள் தயங்கித் தயங்கி ஏறின. மொத்தம் அறுபத்தொன்றில் நின்றது.

“அடேயப்பா! பூஜ்யத்துலேருந்து அறுபத்தொண்ணா! இது போதும்ணே. தாளைக் கொடுங்க, வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடறேன்” என்றார் பொன்னரசு.

சூசைமாணிக்கம் காகிதத்தில் விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். ஒன்பதாவது குடும்பம், ஐந்தாவது வரி: ‘பெயர் வைக்கவில்லை. பெண். பிறந்து எட்டு நாள்.’

பெயர் வந்து சேர்ந்த பிறகே ஆள் குரல் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். பெயரில்லாத ஆள் ஒருவர் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதுகு வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. பொன்னரசு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“டீச்சர், கையெழுத்து வாங்கிடவா?”

“மிச்சம் எத்தனை சூசைண்ணே?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“ஒண்ணு.”