தப்பே பண்ணத் தெரியாத வடிவு

ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவருக்குத் தோத்துப் போறதுன்னா ஆகவே ஆகாது. ஓட்டப்பந்தயம் வச்சாக்கூட மத்தவங்க எல்லாம் காலைக் கட்டிக்கிட்டுதான் ஓடணும். எங்க, ம் சொல்லு. ஆங், அப்படி.

அவரு நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவுல ஒரு ஏரி. தளக் தளக்னு தண்ணி. இந்தப் பக்கம் ஒரு மதகு, அந்தப் பக்கம் ஒரு மதகு. ரெண்டு நாட்டு வயலுக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான். நல்லாத்தானே இருக்கு? ரெண்டு ராஜாவுக்கும் பொறுக்கல. "ஏரி எனக்கு!" "இல்ல, எனக்கு!" சண்டை போடலாம்னா மேல அடிபடும், வலிக்கும். அதனால சதுரங்கம் ஆடுவோம், ஜெயிச்சவருக்கு ஏரி, தோத்தவரு பக்கத்து மதகை மூடிடணும்னு பேசிக்கிட்டாங்க.

நம்ம ராஜாகிட்ட சதுரங்கம் ஆடுறதுக்குன்னே வடிவுன்னு ஒருத்தி இருந்தா. பெரிய கெட்டிக்காரி, கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்தப் பக்கம் ஆடுறவரு ராவுத்தரு. தாடியை நீவி நீவி யோசிக்கிற பெரியவரு.

ராஜா கேட்டாரு: "ஏய் வடிவு, தப்பே பண்ணாம ஆடினா யாரு ஜெயிப்பாங்க?"

"ரெண்டு பேருமே தப்பு பண்ணலேன்னா யாரும் ஜெயிக்க மாட்டாங்க மகாராஜா. சமமாத்தான் முடியும்னு தோணுது."

"தோணுதா? நிச்சயமாச் சொல்லு!"

"கடைசிவரைக்கும் பார்த்தவங்க யாரும் இல்லியே மகாராஜா. அதுக்குள்ள அம்புட்டு ஆட்டம் கிடக்கு. ஆடிப் பார்த்த வரைக்கும் அப்படித்தான் தெரியுது."

"என் சோத்தைத் தின்னுட்டுத் தெரியாதுங்கிறியா? போய் ஜெயிச்சுட்டு வா!"

அப்புறம் ஏரிக்கரையில பந்தல் போட்டாங்க. டொக்... டொக்... ராவுத்தரு முதல்ல நகர்த்தினாரு. யானை போச்சு, குதிரை போச்சு, மந்திரியும் போயாச்சு. கடைசியில பலகையில ரெண்டே ரெண்டு ராஜா, ஒருத்தரை ஒருத்தர் நெருங்க முடியாம முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சமம்!

நம்ம ராஜா குதிச்சாரு. "முதல்ல நகர்த்தினாதானே ஜெயிக்க முடியும்? இந்தத் தடவை நீ வெள்ளையை எடு!"

எடுத்தா. இவ குதிரையை இங்க வச்சா, அவரு யானையை அங்க வைப்பாரு. இவ திரும்பி வந்தா, அவரும் திரும்பி வந்துடுவாரு. போறதும் வர்றதும், போறதும் வர்றதும். பார்த்துக்கிட்டிருந்த தளபதிக்குக் குர்ர்ருனு குறட்டையே வந்துடுச்சு. மறுபடியும் சமம்.

அப்போ ராஜாவுக்கு மூக்கு விடைச்சுது. "இன்னும் ஒரே ஆட்டம். ஜெயிக்கல, உன் தலையை மொட்டையடிச்சிடுவேன்!"

வடிவுக்கு இடுப்புவரைக்கும் முடி. அது மேல உசுரு அவளுக்கு. மூணாவது ஆட்டத்துல காயைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சடையைத் தொட்டுப் பார்த்துக்கிறா. ராவுத்தரு பார்த்தாரு. குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு: "தாயி, நான் ஒரு தப்பு பண்ணட்டுமா?"

ஒரு நிமிஷம் அவளுக்கு 'சரி'ன்னு சொல்லிடலாம்னுதான் வாய்வரைக்கும் வந்துச்சு. ஆனா எதிர்க்கரையில பொம்பளைங்க குடத்தோட நிக்கிறாங்க.

"வேண்டாம் ராவுத்தரய்யா. முடி வளரும். தண்ணி இல்லாம புள்ளைங்க வளருமா?"

டொக். சமம்.

தூங்கிட்டியா? ம்... சரி, கேளு.

சரக் சரக்னு மொட்டை அடிச்சாங்க. வடிவு அழல. எந்திரிச்சு நின்னு சொன்னா: "மகாராஜா, எனக்குத் தப்பு பண்ணத் தெரியல. நீங்களே உக்காருங்க. முடிவு நிச்சயமாத் தெரிஞ்சுடும்."

ராஜாவுக்கு ஒரே குளிர்ச்சி. "அப்படிச் சொல்லு!"ன்னு உக்காந்துட்டாரு. அதைப் பார்த்து ரோஷம் வந்து அந்த ராஜாவும் உக்காந்துட்டாரு.

அடடா, என்னா ஆட்டம்! நம்மாளு மந்திரியைக் கொண்டுபோய்ச் சிப்பாய் வாயில வைக்கிறாரு. அந்தாளு அதைப் பார்க்கவே இல்ல, மீசையை முறுக்கிக்கிட்டிருக்காரு. அப்புறம் அவரு தன் யானையைச் சும்மாவே விட்டாரு, இவரு அதைப் பார்க்கல. வடிவு முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா. கடைசித் தப்பு அந்த ராஜாவோடதாப் போச்சு. தடால்! நம்ம ராஜா ஜெயிச்சுட்டாரு.

"பார்த்தியா வடிவு? ஜெயிக்க முடியாதுன்னியே!"

"உங்களை மாதிரி ஆடினா யாராவது ஒருத்தர் ஜெயிச்சே தீரணும் மகாராஜா."

ராஜா அதைப் புகழ்ச்சின்னு நினைச்சு, அவளுக்குத் தங்கத்துல ஒரு சீப்பு கொடுத்தாரு. மொட்டைத் தலைக்கு! சிரிக்காத, கண்ணை மூடு.

கிரீச்சுனு அந்தப் பக்கத்து மதகை மூடினாங்க. மறுநாள் காலையிலேயே அந்த ராஜா வந்து நிக்கிறாரு: "இன்னொரு ஆட்டம்!" மாட்டேன்னா பயந்துட்டதாச் சொல்லிடுவாங்களே? நம்மாளு ஆடினாரு, தோத்தாரு. இந்தப் பக்கத்து மதகை மூடினாங்க. "இன்னொண்ணு!" இப்போ இவரு ஜெயிச்சாரு. "இன்னொண்ணு!" அவரு ஜெயிச்சாரு. மதகுக்காரனுக்கு இங்கயும் அங்கயும் ஓடி ஓடி நாக்குத் தள்ளிப்போச்சு. "போங்கய்யா, நீங்களும் உங்க ஆட்டமும்"னு ரெண்டு மதகையும் தொறந்து விட்டுட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டான். ராஜாக்கள் பலகையை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே தெரியும்?

சலசலன்னு ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுது. கரையில உக்காந்திருந்த ராவுத்தரு கேட்டாரு: "தாயி, இதுவும் சமந்தானே?"

"சமந்தான் ராவுத்தரய்யா. ஆனா பார்க்கத்தான் சகிக்கல"ன்னா வடிவு.

அவ்வளவுதான், கதை தீந்துது. ராஜாக்கள் ஆடிக்கிட்டே கிடக்கட்டும், நீ தூங்கு.