இரண்டு சொல்லில் கடல்

துருக்கிக் கரையோரம் ஒரு மீன்பிடி ஊர். அதற்கு எதிரே கடலில் கப்பல் உடைந்து காணாமல் போன தம்பியைத் தேடி, காயல்பட்டினத்திலிருந்து சுலைகா வந்திருந்தாள். மையத்தாக, பிணமாகக்கூட அவன் கரை ஒதுங்கவில்லை. விசாரிக்கப் பாஷை வேண்டுமே. பாடம் சொல்லித்தரும் இல்யாஸ் உஸ்தாதிடம் போய் உட்கார்ந்தாள். அவர் துருக்கிக்காரர். காயலில் பல காலம் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார்.

“‘என் தம்பியைப் பாத்தீங்களா’ன்னு கேக்கச் சொல்லித் தாங்க” என்றாள்.

“கேள்வி பிறகு. பொருளின் பெயரைச் சொல். அது எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு சொல் வை. முடிந்தது. எவ் பியூக்: வீடு பெரிது. தெனிஸ் மாவி: கடல் நீலம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனால் கண்டதை, தொட்டதை மட்டும் சொல்.”

மனுஷர் பிடிவாதக்காரர். பனிக்காலமும் வந்துவிட்டது, சுலைகா இன்னும் வீட்டையும் கடலையும் பக்கத்து வீட்டுப் பூனையையும் வர்ணித்துக்கொண்டிருந்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் முகம் தெளிந்து வந்தாள்.

“தம்பி வந்தான் உஸ்தாத். விடியக்காலை சுபுஹு பாங்குக்கு முன்னாடி வாசல்ல நின்னான். உடம்பெல்லாம் தண்ணி சொட்டிச்சு.”

“பேசினானா?”

“துருக்கியில பேசினான். ‘ஸு ஸிஜாக்’னான். ஸுன்னா தண்ணி. மத்தது எனக்குத் தெரியலை.”

உஸ்தாத் தயங்கினார். “தண்ணீர் சூடு.”

சுலைகா அழுதுவிட்டாள். “அவனுக்குக் குளிருமேன்னுதான் இத்தனை நாளும் தூங்காமக் கிடந்தேன். கையை நீட்டிக் கூப்பிட்டான். நாளைக்கும் வந்தா, பிடிச்சுக்கிட்டுக் கூடவே கடலுக்குள்ள போயிடுவேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா கனவுங்கிறா. கனவா உஸ்தாத்?”

“உனக்குத் தெரியாத சொல் உன் கனவுக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப அவன்தானே?”

உஸ்தாத் எழுந்து கடலை நோக்கி நடந்தார். அவளும் பின்னால் போனாள். அலை விளிம்பில் நின்று, “தண்ணீருக்குள் கையை விடு” என்றார்.

முழங்கை வரை விட்டாள். விரல்கள் மரத்துப்போயின. எலும்புக்குள் வலித்தது.

“சொல்.”

“ஸு ஸொவுக்.” தண்ணீர் குளிர்.

“உன் தம்பி இதற்குள்தான் கிடக்கிறான், மகளே. வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டது வேறு எதுவோ. இதில் கிடப்பவன், கூடப் பிறந்தவளிடம் வந்து தண்ணீர் சூடு என்பானா?”