ஆரத்தித் தட்டோடு வெள்ளத்தாயி

எம்.எல்.ஏ. தனுஷ்கோடி ஓட்டு கேட்டுப் போகிற தெருவிலெல்லாம் ஆரத்தி எடுக்கவென்று கட்சிக்காரர்கள் ஒரு வேனில் பெண்களை முன்னதாகவே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி வெள்ளத்தாயி.

மேலத்தெருவில் சலூன்காரர் ஒருவர் மறித்துக் கேட்டார். "ஜெயிச்சப்புறம் இந்தப் பக்கமே வரலையே நீங்க?"

தனுஷ்கோடிக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் பொட்டு வைத்துவிட்டு எதிரே தட்டோடு நின்ற வெள்ளத்தாயியிடம் மைக்கை நீட்டினார். "நான் வரலையாம்! நீயே சொல்லும்மா, என்னை எத்தனை தடவை பாத்திருக்க?"

மாற்றிச் சொன்னால் வேலை போய்விடும் என்று வேனில் கூட்டிவந்தவர் கண்ணைக் காட்டினார். தெருவே அவள் வாயைப் பார்த்தது. பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மூணு தடவைங்கய்யா," என்றாள் பணிவாக.

"கேட்டுக்குங்க!" தனுஷ்கோடி நெஞ்சை நிமிர்த்தினார். "எப்ப எப்பன்னும் சொல்லும்மா."

"காலையில கீழத்தெருவுல, அப்புறம் சந்தைப்பேட்டையில, இப்ப இங்க. மூணு எடத்துலயும் நான்தானே உங்களுக்குப் பொட்டு வச்சேன்?"

தெரு சிரித்த சிரிப்பில் மேளக்காரர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வேன் வெள்ளத்தாயியை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. மேலத்தெருப் பெண்கள்தான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த தெருவில் தனுஷ்கோடி நெற்றியைக் காட்டுமுன், "நீ எந்தத் தெரும்மா?" என்று கேட்டுக்கொண்டார்.