நூற்று நாற்பத்து மூன்றாவது கொட்டை

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து தேயிலை தொடங்குகிற விளிம்பில், ஒரு பழைய பங்களா இருந்தது. அதன் பின்புறம் வரிசையாகப் பதினோரு தைலமரங்கள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் நட்டவை. வேலியோரத்துக் கடைசி மரத்தில் செவத்தான் என்கிற மலையணில் குடியிருந்தது.

மலையணில் போய்த் தைலமரத்தில் கூடு கட்டுமா என்று கேட்பீர்கள். கட்டாது. தின்னக் காயில்லை, பழமில்லை, இலையின் நெடிக்குத் தலை வலிக்கும். செவத்தானின் மனைவி மருதாயி இதைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் செவத்தானுக்குப் பழம் பெரிதில்லை. பங்களாவில் வந்து தங்கும் பெரிய மனிதர்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஆங்கிலம் பேசுவார்கள். அதில் யாரும் கேட்டிராத சொல் ஒன்று வந்து விழுந்துவிட்டால், அன்றைக்கு அதற்குத் தீனியே வேண்டாம்.

சொல்லைக் கேட்டதும் கிளை கிளையாகத் தாவிச் சமையற்கட்டு ஜன்னலுக்கு ஓடும். அங்கே பங்களாப் பூனை படுத்திருக்கும். ஆங்கிலம் கேட்டே வளர்ந்த பூனை. அர்த்தத்தை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். செவத்தான் மரமேறி ஒரு பலாக்கொட்டையை எடுக்கும். அதனிடம் ரகசியம் பேசுவது போல, சொல்லையும் அர்த்தத்தையும் மூன்று முறை சொல்லும். பிறகு கொட்டையைப் பொந்தில் செருகிவிடும். அணில் புத்தி அது. எதையும் ஒளித்து வைத்துவிட்டால் போதும், இனி அது தன்னுடையது என்று நினைக்கும். அடுத்த நாள் புதுச் சொல், புதுக் கொட்டை. பழைய கொட்டையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு கொட்டைகள் சேர்ந்துவிட்டன. காட்டில் செவத்தானுக்கு நல்ல பேர். அது போகும் கிளையில் மந்திகள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

கரியமுத்து என்று ஒரு காக்கை இருந்தது. பூனைக்கும் அதற்கும் ஆகாது என்பதால், அதற்கு அர்த்தம் சொல்ல ஆளில்லை. எப்போதாவது கீழ்க்கிளையில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒரு சொல்லு குடுங்க" என்று கேட்கும். செவத்தானும் மிச்சச் சோறு போடுகிற மாதிரி அன்றைக்குக் கேட்ட சொல்லை எடுத்துப் போடும். அப்படிக் கரியமுத்து வாங்கியது மொத்தம் ஏழே ஏழு.

ஆனால் காக்கை வைத்துத் தின்கிற இனமா? கிடைத்ததை அன்றைக்கே, தன் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தின்னும். சொல்லையும் அப்படித்தான். 'லெத்தார்ஜிக்' என்றால் எழுந்து நடக்கவே மனமில்லாத சோம்பல் என்று செவத்தான் சொன்ன அன்று, கரியமுத்து தன் கூட்டத்தோடு மலைப்பாம்பிடம் போய், முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு வந்தது. கோபப்படலாமா என்று மலைப்பாம்பு யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. 'மேக்னானிமஸ்' என்றால் தாராள மனசு என்று தெரிந்துகொண்டதும், எலும்பில் கறி மிச்சம் வைத்த செந்நாய்களின் பின்னாலேயே பறந்து அப்படிச் சொல்லிப் பாராட்டியது. அந்தச் சத்தம் தாங்காமல், மறுநாளிலிருந்து செந்நாய்கள் எலும்பைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போயின.

'எராடிகேட்' கிடைத்தபோதுதான் தொல்லை அதிகம். ஒன்றை வேரோடு இல்லாமல் செய்வது என்று அதற்கு அர்த்தம். பாறையன் என்கிற காட்டுமாட்டின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவது கரியமுத்துவின் அன்றாட வேலை. ஒவ்வோர் உண்ணியை இழுக்கும்போதும் 'எராடிகேட்' என்று ஒரு கத்தல். கூட வந்த காக்கைகளும் அதே கத்தல். பாறையன் காதை மடக்கிக்கொண்டு பொறுத்துப் போனது.

செவத்தான் மேலேயிருந்து இதைப் பார்த்துச் சிரித்தது. "ஏழு சொல்ல வெச்சுக்கிட்டே இந்தப் பாடு படுத்துறான். நம்ம மாதிரி இருநூறு இருந்தா காட்டையே காலி பண்ணிருவான்."

"எங்க, உங்க இருநூறுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம்," என்றது மருதாயி.

செவத்தான் வாலைக் கோதிக்கொண்டது. அதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, சும்மா சும்மா வெளியே எடுத்தால் தேய்ந்துவிடும் என்றது.

சித்திரையில் மருதாயி இரண்டு குட்டி போட்டது. அவை கண் திறந்து நாலு நாள் இருக்கும். காலையில் பங்களா வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கினார், கூடவே ஆறு ஆட்கள். ஓர் ஆள் ஒவ்வொரு தைலமரத்தின் இடுப்பிலும் வெள்ளைச் சுண்ணாம்பால் வளையம் போட்டுக்கொண்டே வந்தான். கடைசி மரத்தடியில் அதிகாரி நின்றார்.

"இந்த வரிசை பூராவும் எராடிகேட் பண்ணிடணும். டிபன முடிச்சிட்டு இங்கேருந்து ஆரம்பிங்க," என்றார்.

ஆட்கள் பொட்டலம் பிரிக்க ஓடைப் பக்கம் போனார்கள். மருதாயி கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"என்னங்க, அவரு என்ன சொன்னாரு? பிள்ளைங்களத் தூக்கவா?"

"இரு, இரு. அது எனக்குத் தெரிஞ்ச சொல்லு." செவத்தான் கண்ணை மூடியது. முகம் மலர்ந்தது. "நூத்தி நாப்பத்தி மூணு. மேற்கால பொந்து, இடது ஓரம், சின்னக் கொட்டை. எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொன்னேன்ல?"

"அர்த்தம் என்னங்க?"

"அது கொட்டைல இருக்கு."

ஓடிப்போய்ப் பொந்துக்குள் தலையை விட்டு எடுத்தது. அதே கொட்டைதான். தன் பல் பட்ட தழும்புகூட அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. முகர்ந்தது. காதருகே வைத்துக் கேட்டது. பலாக்கொட்டை பலாக்கொட்டையாகத்தான் இருந்தது.

பூனையைக் கேட்கலாமென்றால், ஊசி போடுவதற்காக அதை முந்தின நாளே டவுனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"சுண்ணாம்பு அடிக்கிறாங்கல்ல," என்றது செவத்தான், கொஞ்சம் இறங்கின குரலில். "பொங்கலுக்குப் பங்களாவுக்கும் அடிச்சாங்க. ஏதோ அழகு பண்றதாத்தான் இருக்கும். நல்ல சொல்லுதான். இல்லன்னா நான் எடுத்து வெச்சிருப்பேனா?"

மருதாயி அதற்கு மேல் நிற்கவில்லை. மலையணில் தரையில் கால் வைக்காது. மருதாயி அன்றைக்கு வைத்தது. வேலிக்கு அடியில் நுழைந்து, புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த பாறையனிடம் ஓடியது.

"மாமா, எராடிகேட்னா என்ன?"

"என் முதுகக் கேளும்மா," என்றது பாறையன், மென்றுகொண்டே. "நேத்து வரைக்கும் அங்க உண்ணி இருந்துச்சு. இன்னிக்கு அது இருந்த எடமே தெரியல. ஏன், யாரப் பண்ணப் போறாங்களாம்?"

"எங்க மரத்த."

பாறையன் மெல்லுவதை நிறுத்தியது. "அப்புறம் இங்க எதுக்கு நிக்கிற?"

மருதாயி வந்த வழியே பறந்தது. மரமேறி ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு, போகிற போக்கிலேயே செவத்தானிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பாலிருந்த நாவல் மரத்துக்குத் தாவியது. குட்டியைக் கிளைக்கவட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள். ரம்பம் உறுமத் தொடங்கியது. தைலமரம் அடியிலிருந்து நுனிவரை நடுங்கியது.

செவத்தான் பொந்துக்கும் கூட்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. வாய் கொள்ளாமல் கொட்டைகள். கூட்டிலிருந்து இரண்டாவது குட்டி தலையை நீட்டிக் கத்தியது.

நாவல் மரத்திலிருந்து மருதாயி ஒன்றுதான் சொன்னது. "துப்புங்க."

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. செவத்தான் துப்பியது. குட்டியைக் கவ்வியது. சாயத் தொடங்கிவிட்ட கிளையிலிருந்து ஒரே தாவு. நாவல் கிளையின் நுனி பிடிபட்டது. தைலமரம் வேலிக்கு உள்பக்கமாக விழுந்தது.

பொந்துகள் பிளந்து பலாக்கொட்டைகள் புல்லெல்லாம் சிதறின. சாயங்காலம் காட்டுப்பன்றிகள் வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டையும் நொறுக்கித் தின்று தீர்த்தன. வரும்போது எப்படி உறுமினவோ, போகும்போதும் அதே உறுமல்தான். ஒரு சொல்கூட அதில் கூடியிருக்கவில்லை.

செவத்தான் நாவல் மரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரியமுத்து வந்து கீழ்க்கிளையில் உட்கார்ந்தது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. வழக்கம்போல, "அண்ணே, ஒரு சொல்லு குடுங்க" என்றது.

"எங்கிட்ட இல்லப்பா," என்றது செவத்தான். "உங்கிட்டதான் ஏழு இருக்கே. ஒண்ணு குடு."

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. விளையாட்டுப் பேச்சாகத் தெரியவில்லை. "எது வேணும்ணே?"

"எராடிகேட்."

கரியமுத்து தன் வழக்கப்படி கூட்டத்தையே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சொல்லையும் அர்த்தத்தையும் தந்தது. இருட்டும் வரைக்கும் செவத்தான் குட்டிகள் மேல் ஏறிய எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. ஒவ்வோர் எறும்புக்கும் அந்தச் சொல்லை ஒரு தடவை உரக்கச் சொன்னது. மருதாயி காதை மடக்கிக்கொண்டு பொறுத்துப் போனது.

நீதி: கற்ற சொல்லைப் பூட்டி வைத்தால் மறந்துபோகும், தினமும் எடுத்துப் புழங்கினால், தேவைப்படும் நேரத்தில் கூப்பிடாமலே வரும்.